சாக்ரடீஸ் பேசுவதைக் கேட்கலாம், வா

அன்புள்ள விஜி,

உன் கடிதம் கிடைத்தது. கையெழுத்து உன் மகளுடையது, பேச்செல்லாம் உன்னுடையது. சர்க்கரை கண்ணைத் தொட்டுவிட்டது, ஊசி போட்டும் அச்செழுத்து பிடிபடவில்லை என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு, அடுத்த வரியில் மாடித் தோட்டத்துக் கத்தரிக்காய்க்குப் போய்விட்டாய். எனக்குத்தான் அந்த வரியை விட்டு நகர முடியவில்லை. ‘இனிமே படிப்பு அவ்வளவுதான்’ என்று நீ சொன்னதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

முதலில் வீட்டுச் செய்தி. அத்தை இப்போது வாக்கர் பிடித்து வாசல்வரை நடக்கிறார்கள். பெரியவனுக்கு ஓசூருக்கு மாற்றல். பேரனைப் பார்ப்பது இனி லீவுக்கு லீவுதான். இவர் என்னோடு காலை நடைக்கு வருகிறார். நான் காதில் இயர்போனோடு வருவேன் என்று தெரிந்து, பத்தடி முன்னால் நடப்பார்.

அந்த நடையில் நான் கேட்டுக்கொண்டிருப்பது கிரேக்கத் தத்துவஞானி பிளேட்டோ. நம்பு. துணைப்பாடமாகத் தத்துவம் படித்தபோது நீ ‘அபாலஜி’யை ஆசையாகப் படித்தாய், நான் பரீட்சைக்காகப் படித்தேன். இப்போது காதால் கேட்டபோதுதான் அது பிளேட்டோவின் குருவான சாக்ரடீஸ் என்ற மனிதர், தன் மேல் நடந்த வழக்கில், தீர்ப்புச் சொல்ல வந்த ஐந்நூறு பேர் முன்னால் நின்று பேசுகிற பேச்சு என்பது உறைத்தது. கி.மு. 399. எழுபது வயதில் முதல்தடவையாக நீதிமன்றம் ஏறியிருக்கிறார். நான் கடைத்தெருவில் பேசுகிற மாதிரியேதான் இங்கேயும் பேசுவேன், அதற்காகக் கூச்சல் போடாதீர்கள் என்று ஆரம்பத்திலேயே கேட்டுக்கொள்கிறார். தன்னைவிட ஞானி யாரும் இல்லை என்ற டெல்ஃபி கோயில் அருள்வாக்கைச் சொல்லும்போது மறுபடியும், கூச்சல் வேண்டாம். என்னைக் கொன்றால் எனக்கல்ல, உங்களுக்குத்தான் அதிகக் கேடு என்று சொல்லிவிட்டு இன்னொரு தடவை. அச்சில் இந்த வரிகளை என் கண் தாண்டிப் போயிருந்தது. காதில் கேட்கும்போது, அவர் ஒவ்வொரு முறை சொன்னதும் எதிரே கூட்டம் கொந்தளிப்பது தெரிகிறது. அந்தக் கூட்டத்தின் குரல் ஒரு வார்த்தைகூடப் புத்தகத்தில் இல்லை. அவர் பேச்சிலிருந்தே அது நமக்குக் கேட்டுவிடுகிறது. முப்பது ஓட்டு மாறி விழுந்திருந்தால் தப்பித்திருப்பேன் என்று தீர்ப்புக்குப் பிறகு அவர் நிதானமாகச் சொல்கிற இடத்தில் நான் நடையை நிறுத்திவிட்டு ஓரமாக நின்றுவிட்டேன்.

அப்புறம் ‘ஃபீடோ’. சிறையில் அவருடைய கடைசி நாள். ஆன்மா அழியாது என்பதற்கான வாதங்கள் நீளமானவை. காதால் கேட்டுப் பின்தொடர்வது சிரமம், பல இடங்களில் முப்பது விநாடி பின்னால் போய்ப் போய்க் கேட்டேன். ஆனால் அந்த வாதம் இடறி, எல்லாரும் மனம் தளர்ந்து உட்கார்ந்திருக்கும் நேரத்தில் சாக்ரடீஸ் என்ன செய்கிறார், நினைவிருக்கிறதா? கீழே முக்காலியில் இருக்கும் இளம் சீடன் ஃபீடோவின் தலைமுடியைக் கோதிவிட்டபடியே, நாளைக்கு இதை நீ வெட்டிவிடுவாய் இல்லையா என்கிறார். துக்கத்துக்கு முடி வெட்டுவது அவர்கள் வழக்கம். ஒரு மனிதக் குரல் அதைச் சொல்லிக் கேட்க வேண்டும், விஜி. வாதத்தைவிட அந்தக் கை எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. நீ ஒத்துக்கொள்ள மாட்டாய், வாதம்தான் பெரிது என்பாய். சண்டை போடலாம், வா.

ரோமப் பேரரசுக் காலத்துத் தத்துவ ஆசிரியர் எபிக்டெடஸும் அப்படிக் காதால் கேட்க வேண்டியவர்தான். அடிமையாக இருந்து விடுதலையானவர், நிக்கோபொலிஸில் பள்ளி நடத்தியவர், தன் கையால் ஒரு வரி எழுதவில்லை. ஆரியன் என்ற மாணவர் குறித்துவைத்த பேச்சுகளில் நான்கு பாகம் நமக்கு மிஞ்சியிருக்கிறது. திடீரென்று யாரையோ பெயர் சொல்லாமல் அதட்டுவார், தானே கேள்வி கேட்டுத் தானே பதில் சொல்வார். பக்கத்தில் படித்தால் தாவித் தாவிப் போகிற மாதிரி இருக்கும். காதுக்கோ அது ஒரு கண்டிப்பான வாத்தியாரின் வகுப்பு. ரோமப் பேரரசர் மார்க்கஸ் அரேலியஸின் ‘தியானங்கள்’ எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. தனக்குத்தானே எழுதிக்கொண்ட குறிப்புகள் அவை. இன்னொருவர் குரலில் வரும்போது எனக்கு உபதேசம் செய்வது போலாகிவிடுகிறது.

ஸ்பினோசா பக்கம் மட்டும் போகாதே. ‘எதிக்ஸ்’ 1677-இல் வந்தது. முழுக்க வடிவகணிதப் புத்தகம் மாதிரி வரையறை, அடிப்படை விதி, தேற்றம். ஒவ்வொரு நிரூபணமும் ‘முந்தைய இன்ன தேற்றத்தின்படி’ என்று பின்னால் கைகாட்டும். பக்கத்தைப் புரட்டக் கண்ணும் விரலும் வேண்டும். ஜெர்மன் தத்துவஞானி கான்ட்டும் அந்த ரகம்தான். முதலில் வாயில் பிறந்த புத்தகங்களைக் கேட்போம், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இதெல்லாம் காசு கொடுத்து வாங்கியதில்லை. லிப்ரிவாக்ஸ் என்று ஒன்று இருக்கிறது. ஹியூ மெக்கையர் என்பவர் 2005-இல் கனடாவின் மான்ட்ரியலில் தொடங்கினார். காப்புரிமை முடிந்த புத்தகங்களைத் தன்னார்வலர்கள் அவரவர் வீட்டிலிருந்து படித்துப் பதிவு செய்கிறார்கள். பதிவையும் அப்படியே பொதுச் சொத்தாக விட்டுவிடுகிறார்கள். சில நூல்களில் அத்தியாயத்துக்கு ஒரு குரல். ஒருத்தர் நன்றாகப் படிப்பார், அடுத்தவர் அறைக்குள் எதிரொலிக்க எதிரொலிக்கப் படிப்பார். எனக்கு அது பிடித்திருக்கிறது. முன்பின் தெரியாத ஒருவர் வேலை முடிந்து வந்து, நமக்காக உட்கார்ந்து தால்ஸ்தோயின் ஒரு அத்தியாயத்தைப் படித்து வைத்திருக்கிறார் என்றால் எவ்வளவு பெரிய மனசு. காப்புரிமை முடிந்ததுதான் என்பதால் மொழிபெயர்ப்பும் பழையதாகவே இருக்கும். பிளேட்டோவுக்கு ஜோவெட், ரஷ்யர்களுக்குப் பெரும்பாலும் கான்ஸ்டன்ஸ் கார்னெட். ஜோவெட்டின் ஆங்கிலம் விக்டோரியா காலத்து நடை. ஆரம்பத்தில் கொஞ்சம் இழுக்கும், பழகிவிடும்.

அங்கே முதலில் பதிவான புத்தகம் ஜோசப் கான்ராடின் ‘தி சீக்ரெட் ஏஜென்ட்’. 1935-இல் பிரிட்டனில் பார்வையற்றவர்களுக்காக ‘பேசும் புத்தகங்கள்’ தொடங்கியபோதும் முதலில் இசைத்தட்டில் ஏறியவற்றில் கான்ராடின் ‘டைஃபூன்’ இருந்தது, அகதா கிறிஸ்டி நாவல் ஒன்றோடு. முதல் உலகப் போரில் கண் இழந்து திரும்பிய சிப்பாய்களை மனதில் வைத்து ஆரம்பித்த காரியம் அது. தட்டின் ஒரு பக்கத்துக்கு இருபத்தைந்து நிமிடம் ஓடும்படி செய்தார்கள். ஆக, இன்றைக்கு எல்லாரும் காதில் மாட்டிக்கொண்டு போகிற இந்தப் பழக்கம் உன்னைப் போன்றவர்களுக்காகப் பிறந்தது. பேச்சுக்காக நீளத்தட்டுக்கு அவ்வளவு பாடுபட்டிருக்கிறார்கள் என்பது எனக்கு மிகவும் சந்தோஷமான விஷயம்.

புதிய புத்தகங்களுக்கும் வழி இருக்கிறது. அச்சைப் படிக்க முடியாதவர்களுக்காக ஒரு புத்தகத்தை ஒலியாகவோ வேறு வடிவிலோ மாற்றிக்கொள்ள 2012-இல் நம் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். அதே நோக்கத்துக்காக உலக அளவில் ஏற்பட்ட மராகேஷ் ஒப்பந்தத்தை 2014-இல் முதலில் உறுதிசெய்த நாடும் இந்தியாதான். ‘சுகம்ய புஸ்தகாலய’ என்ற இணைய நூலகம் 2016-இலிருந்து இருக்கிறது. பார்வைக் குறைபாட்டுக்கான சான்றிதழை உன் டாக்டரிடம் இப்போதே பேசி வைத்துக்கொள். வெட்கப்பட இதில் ஒன்றும் இல்லை.

செய்தித்தாளுக்குக் கைபேசியின் இயந்திரக் குரல் போதும், மகளிடம் சொன்னால் அமைத்துத் தருவாள். கம்பனுக்கு அது ஆகாது. ‘வஞ்சியென நஞ்சமென வஞ்சமகள் வந்தாள்’ என்ற அடியில் சூர்ப்பணகையின் நடை கேட்க வேண்டுமானால் சந்தம் தெரிந்த வாய் வேண்டும்.

ஒரு குறை எனக்கு இன்னும் தீரவில்லை. ‘ஃபீட்ரஸ்’ உரையாடலில் சாக்ரடீஸ் எழுத்தைப் பற்றிச் சொல்வார்: என்ன கேட்டாலும் அது சொன்னதையே திரும்பச் சொல்லும். பதிவான குரலும் அதேதான். நிறுத்தலாம், பின்னால் ஓட்டலாம், ஏன் என்று கேட்க முடியாது. ஹாஸ்டலில் நீ எனக்குப் படித்துக் காட்டியபோது வரிக்கு வரி நிறுத்தி நான் தொணதொணத்தேனே, அது இதில் இல்லை. அதனால் ஒன்று கேட்கிறேன். இரண்டு பேரும் ‘அபாலஜி’யைக் கேட்டு வைப்போம். ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஞாயிறு மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு நான் போன் செய்கிறேன். அடுத்து ‘கிரீட்டோ’, அது இன்னும் சின்னது. சிறையிலிருந்து தப்பித்துப் போக வழியிருந்தும் சாக்ரடீஸ் போகாததைப் பற்றி உனக்கு என்னோடு சண்டை போட நிறைய இருக்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. லிப்ரிவாக்ஸில் பதிவை வெளியிடும் முன் யாராவது முழுக்கக் கேட்டு, வரி இரட்டித்திருக்கிறதா, நடுவில் சத்தம் விழுந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். காது மட்டும் போதும் அந்த வேலைக்கு. எந்த மொழியிலும் படித்துப் பதிவு செய்யலாம், தமிழும் உண்டு. பாரதி பாட்டு பாதி உனக்கு மனப்பாடம், புத்தகம் எதற்கு? உன் குரல் அங்கே இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

மகளுக்கு: இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டப் போவது நீதானே கண்ணு. சுட்டிகளைத் தனியாக உன் வாட்ஸ்அப்புக்கு அனுப்பியிருக்கிறேன். தரவிறக்கி, முதல் திரையிலேயே வைத்துக் கொடு. ஊசிக்கு அடுத்து எந்தத் தேதி என்றும் சொல், நான் வந்து உடன் இருக்கிறேன்.

அன்புடன்,
கமலா