தேடுகிற பிள்ளைகள் வெளியூரில் இருக்கிறார்கள்: சுங்கை சிப்புட்டில் சேவைத் தொழில் நடத்துகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பந்தல் போடும் அண்ணன்மார்களுக்கும், கேட்டரிங் நடத்தும் அக்காமார்களுக்கும், ஏர்கோன், வயரிங், பைப் வேலை பார்க்கும் தம்பிகளுக்கும், பள்ளி வேன் ஓட்டுகிறவர்களுக்கும், டியூஷன் நிலையம் வைத்திருக்கும் ஆசிரியர்களுக்கும், ஈமச்சடங்குச் சேவை செய்யும் ஐயாமார்களுக்கும் வணக்கம்.

நான் பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டில் பிறந்து வளர்ந்தவள். இப்போது இருப்பது ஷா ஆலாமில். சிறு தொழில் செய்கிறவர்களுக்கு அகப்பக்கம் அமைத்துக் கொடுப்பதுதான் என் வேலை. அம்மாவும் அப்பாவும் இன்னும் ஊரில்தான் இருக்கிறார்கள். வீட்டில் ஏர்கோன் ஒழுகினாலும், அக்கா பிள்ளைக்குக் காதுகுத்து என்றாலும், ஆள் தேடிப் பிடிக்கும் பொறுப்பு என்னுடையது. அப்படித் தேடித் தேடியே உங்களில் பலருடைய அகப்பக்கங்களைப் பார்த்துவிட்டேன். அவற்றைப் பற்றித்தான் இந்த மடல். வேலை பிடிக்கும் நோக்கத்தில் எழுதவில்லை. இங்கே சொல்லப்போவதில் பெரும்பகுதியை உங்கள் வீட்டுப் பிள்ளைகளே செய்து முடித்துவிடலாம்.

தோட்டத்தில் இருந்த காலத்தில் யாரைக் கூப்பிடுவது என்று கேட்க வேண்டியதே இல்லை. மேளத்துக்கு யார், சமையலுக்கு யார், கூரை ஒழுகினால் யார் என்று லயத்தில் எல்லோருக்கும் தெரியும். தோட்டங்கள் துண்டாடப்பட்டன, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, ஆட்கள் தாமான் எனும் வீடமைப்புப் பகுதிகளுக்குக் குடிபெயர்ந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகள் பினாங்குக்கும் கிள்ளான் பள்ளத்தாக்குக்கும் ஜொகூருக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போய்விட்டார்கள். வீட்டு விசேஷங்கள் இன்னும் ஊரில்தான் நடக்கின்றன. பணம் கட்டுவதும் முடிவெடுப்பதும் மட்டும் வெளியூரிலிருந்து. வேலை முடிந்து வந்து, இரவு பதினொரு மணிக்குக் கைப்பேசியை வைத்துக்கொண்டு தேடும் அந்தப் பிள்ளைதான் இன்று உங்கள் வாடிக்கையாளர். அவருக்கு உங்களைத் தெரியாது. பக்கத்து வீட்டில் விசாரிக்கவும் வழியில்லை. பக்கத்து வீட்டுக்காரர் என்ன சொல்லியிருப்பாரோ அதை உங்கள் அகப்பக்கம் சொல்ல வேண்டும்.

ஆனால் பெரும்பாலான பக்கங்களைத் திறந்தால் முதலில் ஒரு பெரிய படம், அதன் மேல் “எங்கள் நிறுவனத்துக்கு உங்களை அன்புடன் வரவேற்கிறோம்”. கீழே “தரமே எங்கள் தாரக மந்திரம்”. என்ன வேலை செய்வீர்கள், எந்தெந்த இடத்துக்கு வருவீர்கள், எவ்வளவு ஆகும், எப்போது கூப்பிடலாம் என்பது எங்கேயும் இல்லை. அந்த வரவேற்பை எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் ஒரே ஒரு வரி போதும்: “சுங்கை சிப்புட், சாலாக் உத்தாரா, லிந்தாங், செம்மோர் வட்டாரங்களில் வீட்டு ஏர்கோன் சர்வீஸ், திங்கள் முதல் சனி வரை.” தேடுகிறவருக்கும் புரியும், கூகுளுக்கும் புரியும். முகவரியில் சுங்கை சிப்புட் உத்தாரா, 31100, பேராக் என்று முழுமையாகப் போடுங்கள். வெறும் ஊர்ப்பெயரைத் தேடினால் 1948 அவசரகாலமும் தேர்தல் செய்திகளும்தான் முன்னே வருகின்றன. செய்யும் வேலையின் பெயரும் ஊர்ப்பெயரும் ஒரே வரியில் சேர்ந்திருந்தால்தான் நீங்கள் கண்ணில் படுவீர்கள்.

அடுத்தது விலை. இதைச் சொன்னாலே நம்மவர்களுக்குத் தயக்கம். “போட்டிக்காரன் பார்த்துவிடுவான்”, “விலையைப் பார்த்தே ஓடிவிடுவார்கள்”, “ஒவ்வொரு வேலையும் ஒவ்வொரு மாதிரி, எப்படி விலை போடுவது?” மூன்றையும் பலமுறை கேட்டிருக்கிறேன். போட்டிக்காரருக்கு உங்கள் விலை ஏற்கெனவே தெரியும், ஊர் அவ்வளவு சிறியது. தெரியாமல் தவிப்பது வாடிக்கையாளர் மட்டும்தான். விலை இல்லாத பக்கத்தைப் பார்த்ததும் ஓடுகிறவர்களே அதிகம். ஏமாற்றுவார்களோ என்ற பயம் அவர்களுக்கு. வெளியூரில் இருந்துகொண்டு, வயதான பெற்றோர் மட்டும் இருக்கும் வீட்டுக்கு ஆள் அனுப்புகிறவரின் பயம் அது. நியாயமான பயம்தான்.

மூன்றாவது காரணத்தில் உண்மை இருக்கிறது. அதனால் ஒரே விலையாகப் போட வேண்டாம், விலை எதனால் ஏறும், எதனால் இறங்கும் என்று எழுதுங்கள். ஏர்கோன் என்றால் 1 குதிரைத்திறனுக்குச் சாதாரண சர்வீஸ் எவ்வளவில் தொடங்கும், கெமிக்கல் வாஷ் எவ்வளவில் தொடங்கும், மாடி வீடாக இருந்து ஏணி போட வேண்டியிருந்தால் எவ்வளவு கூடும், கேஸ் தனியா சேர்த்தா. சமையல் என்றால் நூறு பேருக்கு வாழையிலைச் சாப்பாட்டில் என்னென்ன அடங்கும், பரிமாற ஆட்கள் உங்களுடையவர்களா, பாத்திரம் கழுவுவது யார், தண்ணீர்ப் போத்தல் உண்டா. பந்தல் என்றால் எத்தனை மேசை நாற்காலி, மின்விசிறி உண்டா, முதல் நாளே வந்து கட்டுவார்களா. இவற்றை நீங்கள் தினமும் போனில் வாய்வலிக்கச் சொல்லிக்கொண்டுதானே இருக்கிறீர்கள்? சொல்வதை அப்படியே எழுதினால் போதும். சட்டமும் இதையே கேட்கிறது. இணையம் வழியாகப் பொருளோ சேவையோ விற்கிறவர் தம் பெயர், பதிவு எண், தொடர்பு விவரம், சேவையின் முக்கியத் தன்மைகள், முழு விலை எல்லாவற்றையும் காட்ட வேண்டும் என்று 2012-லேயே மின்வணிக விதிமுறைகள் வந்துவிட்டன.

பதிவு எண் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. தொழில்களைப் பதியும் மலேசிய நிறுவனங்கள் ஆணையம், அதாவது எஸ்.எஸ்.எம்., 2019 அக்டோபரிலிருந்து பன்னிரண்டு இலக்க எண் கொடுக்கிறது. அதன் முதல் நான்கு இலக்கமும் தொழிலைப் பதிந்த ஆண்டு. பத்து, பதினைந்து வருடமாகத் தொழில் செய்கிறவர் அந்த எண்ணைப் பக்கத்தின் அடியில் போட்டாலே போதும், “அனுபவம் மிக்கவர்” என்று தனியாக எழுத வேண்டியதில்லை. சந்தேகம் உள்ளவர் எஸ்.எஸ்.எம். தளத்திலேயே சரிபார்த்துக்கொள்ளலாம்.

தொலைபேசி எண்ணைப் படத்துக்குள் போடாதீர்கள். தொட்டால் அழைப்பு போக வேண்டும். புலனத்துக்கு (வாட்ஸ்அப்) தனிப் பொத்தான் வையுங்கள். அந்த இணைப்பில் எண்ணை 012 என்று தொடங்கினால் வேலை செய்யாது. முன்னால் 6 சேர்த்து, இடைவெளியோ கோடோ கூட்டல் குறியோ இல்லாமல் 6012 என்று தொடங்க வேண்டும். சிங்கப்பூரில் இருக்கும் பிள்ளைக்கும் அப்போதுதான் ஒரே தொடலில் உங்கள் உரையாடல் திறக்கும். அந்த இணைப்பிலேயே “விசேஷத் தேதி, இடம், எத்தனை பேர்” என்ற வரியை முன்கூட்டியே நிரப்பி வைக்கலாம். அவர் பதில் எழுதி அனுப்பினாலே நீங்கள் கேட்க வேண்டியதில் பாதி குறைந்துவிடும்.

சமையல், பந்தல், மணவறை, மேளம் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. தையிலும் ஆவணியிலும் முகூர்த்த நாட்கள் எல்லோருக்கும் ஒரே நாட்கள்தாம். நிரம்பிவிட்ட தேதிகளைப் பக்கத்தில் எழுதிப் போடுங்கள். அழைத்து ஏமாறுகிறவர்கள் குறைவார்கள். தேதி மறுபடி காலியானால் அதையும் மாற்றுங்கள்.

ஈமச்சடங்குச் சேவை செய்யும் ஐயாமார்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். உங்கள் பக்கத்துக்கு வருகிறவர் நள்ளிரவில், கைநடுங்க, ஒன்றும் புரியாமல் வருகிறார். ஜொகூர்பாருவிலிருந்து கார் எடுத்துக் கிளம்பப் போகிறவராக இருக்கலாம். அவருக்குப் பூமாலைப் படங்களோ பின்னணி இசையோ வேண்டாம். எல்லாவற்றுக்கும் மேலே பெரிய எழுத்தில் 24 மணி நேர எண். அதன் கீழே, இப்போது என்ன செய்ய வேண்டும் என்று நாலு வரி: மருத்துவமனையில் இறந்தால் அடக்கத்துக்கோ தகனத்துக்கோ வேண்டிய பெர்மிட் எங்கே கிடைக்கும், வீட்டில் இறந்தால் முதலில் யாரிடம் போக வேண்டும், இறந்தவரின் அடையாள அட்டையை எடுத்துவைக்க வேண்டும், இறப்பை ஏழு நாளுக்குள் தேசியப் பதிவு இலாகாவில் பதிய வேண்டும். பிறகு, உங்கள் கட்டணத்தில் எது அடங்கும், எது அடங்காது. துக்கத்தில் இருக்கும் குடும்பத்துக்கு விலை கேட்கவே கூச்சமாக இருக்கும். கேட்க வைக்காமல் நீங்களே சொல்லிவிடுவது பெரிய உதவி. இந்த ஒரு பக்கம் ஒழுங்காக இருந்தால் ஊரில் எத்தனையோ வீடுகளுக்கு அந்த இரவு கொஞ்சம் எளிதாகும்.

தமிழில் எழுதுங்கள், மலாயிலும் எழுதுங்கள். நம் ஊரில் உங்களைக் கூப்பிடுகிறவர்களில் மலாய்க்காரர்களும் சீனர்களும் உண்டு. தமிழை, எல்லாக் கைப்பேசியிலும் தெரியும் யூனிகோட் எழுத்தில் தட்டச்சு செய்ய வேண்டும் என்பது முக்கியம். அச்சகத்தில் அழைப்பிதழுக்குப் பயன்படுத்தும் பாமினி எழுத்துருவை அப்படியே ஒட்டினால், பார்க்கிறவர் கைப்பேசியில் புரியாத ஆங்கில எழுத்துகளாக வரும். அதற்குப் பயந்து பலர் தமிழைப் படமாகப் போட்டுவிடுகிறார்கள். படத்தில் உள்ள எழுத்து தேடலில் சரியாகச் சிக்குவதில்லை, கண் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டும் செயலியாலும் அதைப் பெரும்பாலும் படிக்க முடிவதில்லை. கணினித் தமிழுக்கு முரசு அஞ்சல் மென்பொருளைக் கொடுத்த முத்து நெடுமாறனின் நாடு இது. நம்மூர்த் தொழில்களின் பெயர்கள் தமிழில் தேடினால் கிடைக்காமல் இருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

படங்கள் உங்களுடையவையாக இருக்கட்டும். வெளிநாட்டு மாடல் நிற்கும் வாங்கிய படத்தைவிட, உங்கள் ஆட்கள் எங்கோ ஒரு தாமானில் பந்தல் கட்டும் படம் ஆயிரம் மடங்கு நம்பிக்கை தரும். ஆனால் கைப்பேசியில் எடுத்த படம் 3, 4 மெகாபைட் இருக்கும். அதில் பத்தை அப்படியே ஏற்றினால் பக்கம் திறக்கவே திறக்காது. செம்பனைக் காட்டோரம் சிக்னல் எப்படியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அகலத்தை 1200 பிக்ஸல் அளவுக்குக் குறைத்து, ஒவ்வொன்றையும் 200 கிலோபைட்டுக்குள் சுருக்கி ஏற்றுங்கள். அதற்கு இலவசச் செயலிகள் ஏராளம்.

முகநூல் பக்கம் இருக்கிறதே, அகப்பக்கம் எதற்கு என்று கேட்பீர்கள். முகநூல் இருக்கட்டும். ஆனால் கணக்கு இல்லாதவருக்கு அது பாதியில் கதவைச் சாத்திவிடும், நீங்கள் போட்ட விலைப்பட்டியல் ஒரே வாரத்தில் அடியில் போய்விடும். வேறொருவர் இடத்தில் இருப்பதன் ஆபத்தை 2024 மார்ச்சில் பார்த்தோம். கூகுள் வணிகப் பக்கத்தோடு இலவசமாகக் கிடைத்த குட்டி அகப்பக்கங்களை எல்லாம் அந்த நிறுவனம் மூடியது. உங்களில் சிலருடைய லாரியிலும் விசிட்டிங் கார்டிலும் இன்னும் அந்தச் செத்த முகவரிதான் இருக்கிறது. தயவுசெய்து இன்றே தட்டிப் பாருங்கள். கூகுள் வணிகப் பக்கம் இன்னும் இலவசம்தான், அதை விட்டுவிடாதீர்கள். தீபாவளி, தைப்பூச விடுமுறை நேரங்களை அதில் மாற்றுங்கள், வருகிற கருத்துகளுக்குப் பதில் எழுதுங்கள்.

சொந்தமாகப் பெயர் வாங்கியவர்களும் ஒன்றைப் பார்க்க வேண்டும்: அது யார் பெயரில், யார் மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறது? அகப்பக்கம் செய்து கொடுத்த தம்பி வேலை மாறிச் சிங்கப்பூர் போய்விட்டால், புதுப்பிக்கச் சொல்லும் கடிதம் அவருக்குத்தான் போகும். பெயர் காலாவதியாகி யாரோ எடுத்துக்கொண்டால் திரும்பப் பெறுவது பெரிய பாடு. டாட் காம் டாட் மை வாங்க எஸ்.எஸ்.எம். பதிவு வேண்டும், அது உங்களிடம் இருக்கிறது. உங்கள் பெயரிலேயே, உங்கள் மின்னஞ்சலிலேயே பதிந்துகொள்ளுங்கள்.

டியூஷன் நிலையம் நடத்தும் ஆசிரியர்களே, பதிவுப் படிவத்தில் பிள்ளையின் பிறப்புப் பத்திர எண், பெற்றோரின் அடையாள அட்டை எண், சம்பளம் என்று கேட்டிருக்கிறீர்கள். பாடம் சொல்லிக்கொடுக்க இவை எதற்கு? பெயர், படிவம் அல்லது ஆண்டு, பெற்றோர் தொலைபேசி எண் போதுமே. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010 நமக்கும் பொருந்தும். என்ன விவரம் எடுக்கிறோம், எதற்காக என்பதை மலாயிலும் ஆங்கிலத்திலும் தெரிவிக்க வேண்டும். தேவையில்லாததைக் கேட்காமல் விட்டால் அதைக் காக்கும் பொறுப்பும் உங்களுக்கு வராது.

இதையெல்லாம் தனித்தனியாகச் செய்ய நேரமில்லை என்பீர்கள். சரி, சேர்ந்து செய்யலாமே. அமைச்சராக இருந்த நம் ஊர்க்காரர் துன் சம்பந்தன் 1960-இல் தோட்டத் தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை உருவாக்கினார். நமக்குத் தேவை அதில் ஒரு துளி முயற்சிதான். ஆடியில் விசேஷம் குறைவு, கைக்கு வேலை கொஞ்சம் ஓய்ந்திருக்கும். அந்த மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை யாராவது ஒரு மண்டபத்தைக் கொடுங்கள். ஐந்தாம் ஆறாம் படிவ மாணவர்கள் சிலரைக் கூட்டி வாருங்கள், அவர்கள் கை நம்மைவிட வேகம். நான் ஷா ஆலாமிலிருந்து வந்துவிடுகிறேன், கட்டணம் எதுவும் வேண்டாம். வரும்போது உங்கள் கைப்பேசி, எஸ்.எஸ்.எம். பத்திரம், விலைப்பட்டியல், நீங்களே எடுத்த படங்கள் இவற்றைக் கொண்டு வந்தால் போதும். அகப்பக்கத்தின் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது என்பதை மட்டும் அதற்கு முன்பே கேட்டு வாங்கி வையுங்கள்.

அன்புடன்,
ஷா ஆலாமில் வசிக்கும் சுங்கை சிப்புட் பெண்