ஹூஸ்டனில் நம்ம திமிலைப் பார்த்தேன், பெரியப்பா

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். போன தடவை பேசும்போது "அமெரிக்காக்காரனுக்கு மாட்டைப் பற்றி என்னடா தெரியும்" என்று சிரித்தீர்கள். பதில் சொல்வதற்குள் உங்கள் பேத்தி போனைப் பிடுங்கிக்கொண்டாள். அதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மார்ச் மாதம் வந்தால் ஹூஸ்டன் வேறு ஊராகிவிடும். இங்கே நடக்கும் கால்நடைக் கண்காட்சி தொடங்குவதற்கு முந்தைய ஒரு வெள்ளிக்கிழமை ஆபீசில் பாதிப் பேர் தொப்பியும் பூட்ஸுமாக வந்து நிற்பார்கள், ஒரு நாளும் மாட்டைத் தொட்டிராத எங்கள் மேனேஜர் உள்பட. அப்புறம் சுமார் 20 நாள் கண்காட்சியும், துள்ளுகிற காளை, குதிரை மேல் உட்கார்ந்து காட்டுகிற ரோடியோ போட்டியும். 1932-இல் தொடங்கியபோது இதன் பெயரே 'கொழுத்த மாட்டுக் கண்காட்சி' என்கிற மாதிரிதான் இருந்தது, 1928-இல் அரசியல் மாநாட்டுக்காகக் கட்டிய ஒரு கூடத்தில் நடந்தது. அது நாடே வேலையில்லாமல் பணமுடையில் கிடந்த காலம். ரோடியோ பிறகுதான், 1938-இல், புதுக் கட்டடத்துக்குப் போனபோது சேர்ந்தது. 1942-இல் ஜீன் ஆட்ரி என்கிற சினிமாப் பாட்டுக்காரரைக் கூட்டிவந்தார்கள், அன்றிலிருந்து பாட்டு ஒட்டிக்கொண்டது.

1952-இல் நடந்தது உங்களுக்குப் பிடிக்கும். பிரென்ஹம் என்று பக்கத்தில் ஒரு ஊர், அதன் மேயர் எங்கோ போன இடத்தில் பனியில் விமானம் கிளம்பாமல் மாட்டிக்கொண்டார். இனிமேல் என் குதிரை போகாத இடத்துக்கு நானும் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். சரி, அப்படியானால் கண்காட்சிக்கும் குதிரையிலேயே போவோம் என்று நாலு பேர் கிளம்பினார்கள். இப்போது பல திசைகளிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் குதிரையிலும் கூண்டு வண்டியிலும் நாள்கணக்கில் பயணம் செய்து நகரத்துக்குள் வருகிறார்கள். பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் மாதிரி ராத்திரி வழியில் தங்கி, அடுப்பு மூட்டி, சாப்பிட்டு.

1966-இல் கூரை போட்டு ஏசி வைத்த ஆஸ்ட்ரோடோம் அரங்கத்துக்கு மாறியதும் எல்லாம் பெரிதானது, 1970-இல் எல்விஸ் பிரெஸ்லியே வந்து பாடினார். 2003-இல் அதற்குப் பக்கத்திலேயே இன்னும் பெரிய அரங்கம். பழையது பூட்டிக் கிடக்கிறது. 2020-இல் கொரோனா வந்து பாதியில் நிறுத்தினார்கள், 2021-இல் நடக்கவே இல்லை. 2025-இல் வந்த கூட்டம் 25 லட்சத்துக்கும் மேல். வேலை பார்க்கும் தொண்டர்களே 35,000 பேருக்கு மேல் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். உண்மையைச் சொன்னால் வருகிறவர்களில் பெரும்பாலோருக்குப் பாட்டும் ராட்டினமும் தீனியும்தான். நாங்கள் வண்டி நிறுத்த இடம் தேடியே முக்கால் மணி நேரம் போனது, அதற்குக் கொடுத்த காசை உங்களிடம் சொல்லமாட்டேன்.

ரோடியோவில் காளையின் முதுகில் ஒற்றைக் கையால் கயிற்றைப் பிடித்து 8 விநாடி உட்கார்ந்திருக்க வேண்டும். இன்னொரு கை மாட்டின் மேல் பட்டால் போச்சு. மொத்தம் 100 மார்க், அதில் பாதி காளைக்கு! நன்றாகத் துள்ளாத காளையில் எவ்வளவு அழகாக உட்கார்ந்தாலும் மார்க் தேறாது. நம்ம ஊரில் பிடிக்கப்படாத காளைக்குப் பரிசு கொடுக்கிற மாதிரி, இவர்களுக்கும் மாட்டின் பெருமை தெரிந்திருக்கிறது. 5, 6 வயசுப் பிள்ளைகளுக்கு ஹெல்மெட் மாட்டி ஆட்டின் மேல் ஏற்றிவிடுகிற போட்டியும் உண்டு. பேத்தி கேட்டாள், அவள் அம்மா முறைத்த முறைப்பில் அப்புறம் பேச்சே இல்லை.

காலையில் கூட்டம் வருமுன் கொட்டகைப் பக்கம் போனோம். பதினாலு வயசு இருக்கும், ஒரு பையன் தன் காயடித்த காளையைக் குளிப்பாட்டி, பெரிய ஊதுகுழல் மாதிரி ஒரு மெஷினால் ரோமத்தை உலர்த்தி, கால் முடியை மேல்நோக்கிச் சீவிக்கொண்டிருந்தான். அது பாட்டுக்கு நின்றது. முதல் பரிசு வாங்கும் காளை ஏலத்தில் 10 லட்சம் டாலர் வரைக்கும் போயிருக்கிறது. அவ்வளவும் வளர்த்த பிள்ளைக்கு இல்லை, ஒரு வரம்புக்கு மேல் படிப்பு உதவி நிதிக்குப் போய்விடும், 1957-இலிருந்து அப்படிப் பல பேரைப் படிக்க வைத்திருக்கிறார்கள். ஆனால் ஏலம் முடிந்த மாடு கறிக்குத்தான். பையனுக்கும் அது தெரியும். கழுத்தைச் சொறிந்துவிட்டுக்கொண்டே இருந்தான். நான் ஒன்றும் கேட்கவில்லை.

அடுத்த வரிசையில் பார்த்தால் திமில்! வெள்ளைக் காளை, தொங்குகிற அலைதாடி, நீளக் காது. பிராமன் என்று பெயர். நெல்லூர், கிர் மாடுகளின் வழியில் இங்கே உருவாக்கிய இனம், டெக்சாஸ் வெயிலையும் உண்ணியையும் நம்ம மாட்டு ரத்தம்தான் தாங்கும் என்று வளர்க்கிறார்கள். கூடாது என்று எழுதியிருக்கிறார்களா என்று சுற்றும் பார்த்துவிட்டு, உடைமைக்காரரிடம் கேட்டுத் திமிலைத் தொட்டேன். "வீட்டில் மாடு உண்டா?" என்றார். பெரியப்பாவிடம் உண்டு என்று உங்கள் கருப்பன் போட்டோவைக் காட்டினேன். கொம்பைப் பார்த்து விசில் அடித்தார், எடை எவ்வளவு என்றார், எனக்குத் தெரியவில்லை.

எவ்வளவு இருக்கும்? முன்னங்கால் குளம்பில் இருந்த புண் ஆறிவிட்டதா? ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் காட்டச் சொல்லுங்கள். பெரியம்மாவைக் கேட்டதாகச் சொல்லவும்.

உங்கள்
செல்வம்