கட்டி முடித்த கட்டடத்தைக் கழுவுவது யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கார்த்திகை, மார்கழி வந்தால் வன்னியில் அரச கட்டட வேலைகள் ஓட்டமும் நடையுமாகத்தான் நடக்கும். டிசம்பர் 31க்குள் வேலையை முடித்து பில் போடாவிட்டால் ஒதுக்கிய காசு திறைசேரிக்குத் திரும்பிவிடும் என்ற பயம். மாரி மழையும் அந்த நேரம் பார்த்துத்தான் கொட்டும். பெயின்ற் காயாது, லொறி மிதித்த சேறு விறாந்தை வரைக்கும் வந்துவிடும். இந்த அவசரத்தில் எப்போதும் விடுபடுவது கட்டடத்தைக் கழுவித் துப்புரவாக்கிக் கையளிக்கும் வேலை. நான் விசுவமடுவில் இருந்து சில பெண்களோடு சேர்ந்து அந்த வேலையைச் செய்பவள். கிளிநொச்சி, மாங்குளம், முல்லைத்தீவு என்று கூப்பிட்ட இடமெல்லாம் போகிறோம்.

நாங்கள் பார்த்த எஸ்டிமேட்டுகளில் அத்திவாரம் வெட்ட, கம்பி கட்ட, பெயின்ற் அடிக்க என்று எல்லாவற்றுக்கும் வரிவரியாக விலை இருக்கும். துப்புரவுக்கு இருக்காது. நிபந்தனைகளுக்குள் எங்கேயோ, இடத்தைச் சுத்தமாக ஒப்படைக்க வேண்டும் என்று ஒரு வசனம் மட்டும் கிடக்கும். விலை போடாத வேலையை எந்தக் கொந்தராத்துக்காரர்தான் மனம்வைத்துச் செய்வார்? கடைசி நாளில் கூலிக்கு இரண்டு பேரை விட்டுக் கூட்டிவிட்டுத் திறப்பைக் கொடுப்பார். மிச்சம் பாடசாலை என்றால் பிள்ளைகள் தலையில், ஆஸ்பத்திரி என்றால் சிற்றூழியர் தலையில் விழும். இந்திய வீட்டுத்திட்டத்தில் 550,000 ரூபாய்க் கொடுப்பனவோடு எழும்பிய வீடுகளின் கதை வேறு. அவற்றைச் சனமே முன்னின்று கட்டியது, சனமே கழுவிக் குடிபுகுந்தது. அரச காசில் கொந்தராத்துக்கு விட்ட கட்டடத்துக்கு அந்த நியாயம் பொருந்தாது.

ஒரு பாடசாலையின் புதிய மாடிக் கட்டடத்தில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் தும்புத்தடியால் கூட்டிக்கொண்டு நின்றதை என் கண்ணால் கண்டேன். வகுப்பறைக்குள் ஆளை ஆள் தெரியாத வெள்ளைத் தூசு. ஒரு பிள்ளை சட்டைக் கொலரை இழுத்து மூக்கை மூடியபடி கூட்டியது. இமை மயிரில்கூடத் தூள் படிந்திருந்தது. அது வீட்டு முற்றத்துத் தூசு இல்லை. மாபிள் என்று நாங்கள் சொல்லும் தரை ஓடு வெட்டிய தூளிலும் கொங்கிறீற் தூளிலும் சிலிக்கா இருக்கிறது. அதன் மிக நுண்ணிய துகள் நுரையீரலின் அடிவரை போய் அங்கேயே தங்கிவிடும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1997 இலேயே அதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களோடு சேர்த்துவிட்டது. அஸ்பெஸ்டஸ் சீற் வெட்டிய இடமென்றால் சொல்லவே வேண்டாம். ஒருநாள் கூட்டினால் ஒன்றும் ஆகாது என்பார்கள். ஒருநாளாவது அதற்குள் பிள்ளைகளை ஏன் விடவேண்டும்?

இந்தத் தூளை உலரக் கூட்டவே கூடாது. தண்ணீர் தெளித்து, சீலிங், காற்றாடித் தகடு, யன்னல் நிலை என்று மேலிருந்து இறங்கி, நிலத்துக்குக் கடைசியாகத்தான் வரவேண்டும். ஓர் இரவு விட்டால் அந்தரத்தில் நின்ற தூளும் படியும். மறுநாள் ஈரத்துணியால் திரும்பத் துடைக்கவேண்டும். நாளைக்குத் திறப்பு விழா, இன்றைக்கே முடித்துத் தாருங்கோ என்று கேட்பவர்களுக்கு இதைச் சொன்னால் முகம் சுருங்கும். அப்புறம் கறையைக் கண்டால் அசிட் ஊற்று என்பார்கள். அசிட் கறையோடு சேர்த்து மாபிள் இடுக்கில் நிரப்பிய பூச்சையும் தின்னும், தண்ணீர்ப் பைப்பின் மினுக்கத்தையும் கெடுக்கும். அசிட் ஊற்றிய கழிப்பறையில் குளோரினையும் போட்டால் எழும்பும் வாயு ஆளையே விழுத்திவிடும். தெறித்த சீமெந்தை மேசன்மார் ஈரமாக இருக்கும்போதே துடைத்துவிட்டால் அசிட்டுக்கே வேலையில்லை. கண்ணாடியிலும் அலுமினிய நிலையிலும் சீமெந்து காய்ந்து கிடந்தால் அரித்த தடம் பிறகு போகாது.

இன்னொன்றையும் எழுதவேண்டும். ஒரு கட்டடத்தின் குறை முதலில் தெரிவது கழுவுகிறவர்களுக்குத்தான். முழங்காலில் நின்று மாபிளைத் தேய்த்துக்கொண்டு போகும்போது சில இடத்தில் பிரஷ்ஷின் சத்தம் மாறும். விரலை மடக்கித் தட்டினால் டொக் டொக் என்று கேட்கும். அடியில் சாந்து பிடிக்கவில்லை, பாரமான அலுமாரி ஒன்றை இழுத்து வைத்தால் அந்த மாபிள் வெடிக்கும். கொமட்டுக்குள் வாளித் தண்ணீரை ஊற்றினால் நின்று நின்று இறங்கும். சாந்து வாளி கழுவிய தண்ணீரை யாரோ அதற்குள் ஊற்றியிருக்கிறார்கள், சீமெந்து குழாய்க்குள் இறுகிவிட்டது. இவற்றை நாங்கள் யாரிடம் சொல்வது? சொன்னால், உங்களைக் கழுவத்தானே கூப்பிட்டது என்கிறார்கள். கொந்தராத்துக்காரரின் பணத்தில் ஒரு பங்கு, கையளித்த பிறகும் குறைகளை அவரே திருத்திக் கொடுக்கவேண்டிய பராமரிப்புக் காலம் முடியும்வரை தடுத்து வைக்கப்படுகிறது. அந்தப் பணம் திணைக்களத்தின் கையில் இருக்கும்போதே இந்தக் குறைகள் எழுத்தில் போனால் அவர் செலவிலேயே திருத்தலாம். பிந்தினால் அதிபர்தான் பெற்றோரிடம் காசு சேர்க்கவேண்டி வரும்.

ஆகவே மாகாணத் திணைக்களங்களிடமும் பிரதேச சபைகளிடமும் கேட்கிறேன். கையளிப்புக்கு முந்திய துப்புரவை எஸ்டிமேட்டில் தனி வேலையாக எழுதுங்கள், சதுர அடிக்கு இவ்வளவு என்று விலை போடுங்கள். முகக்கவசம், கையுறை, கிணறு வற்றிய இடத்தில் பவுசர் தண்ணீர், எல்லாம் அந்த விலைக்குள் வரட்டும். பெயின்ற் வேலை முடிந்த பிறகு திறப்பு விழாவுக்கு முன் சில நாட்கள் இதற்கென்று விடுங்கள். கழுவியவர்கள் கண்ட குறைகளைத் தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து பார்த்துக் குறித்துக்கொண்ட பிறகு கையொப்பம் வைக்கட்டும். இந்த வேலையைக் கிராமங்களில் உள்ள மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்களுக்கே கொடுக்கலாம். வேலை தேடி நிற்கும் பெண்கள் எங்கள் பக்கத்தில் நிறையப் பேர், பழக்கிவிட நாங்கள் ஆயத்தம். வருகிற தை மாதம் பிள்ளைகளை ஏற்றப்போகும் வகுப்பறைகளுக்காவது இதைச் செய்யுங்கள்.

இப்படிக்கு,
கட்டடத் துப்புரவு வேலை செய்யும் ஒரு பெண்,
விசுவமடு.