வானம் பார்த்த ஓராண்டு: வாசிகசாலைச் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை, ஒக்டோபர் 2024 – செப்டெம்பர் 2025

தலைவர் அவர்களே, போசகர் அவர்களே, தோட்டத்துப் பெரியவர்களே, தாய்மாரே, பிள்ளைகளே, எல்லாருக்கும் வணக்கம்.

வழமையான வேலைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். புத்தகம் இரவல் கொடுப்பது ஆண்டு முழுக்க நடந்தது. மழையில் ஒழுகிய கூரைத் தகரங்களை மாற்றினோம். தரம் 5 பிள்ளைகளின் மாலை வகுப்பு புலமைப்பரிசில் பரீட்சை வரை நின்றுபோகாமல் ஓடியது. கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். மீதி நேரத்தை, சென்ற பொதுக்கூட்டத்தில் நாம் தீர்மானித்த வானம் பார்க்கும் இரவுகளுக்கே எடுத்துக்கொள்கிறேன்.

அந்தத் தீர்மானம் வந்த காரணத்தைப் புதிய உறுப்பினர்களுக்காகச் சொல்லவேண்டும். மாலை வகுப்பில் ஒரு பையன் ஞாயிற்றுத்தொகுதியின் எட்டுக் கோள்களையும் புதனிலிருந்து நெப்டியூன் வரை ஒரு பிழையில்லாமல் எழுதிக் காட்டினான். வகுப்பு முடிந்து வெளியே வந்தபோது, மேற்கே ஸ்டோர் (தேயிலைத் தொழிற்சாலை) கூரைக்கு மேல் பளிச்சென்று நின்ற ஒன்றைக் காட்டி, "இது என்ன தம்பி?" என்று கேட்டேன். "கீழ்ப் பிரிவு கம்பத்து லைட்டு அண்ணே" என்றான். அது வெள்ளிக் கோள். பத்து நிமிடம் முன்பு அவன் கொப்பியில் இரண்டாவதாக எழுதிய அதே வெள்ளி. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பெயரை எழுதத் தெரிந்த பிள்ளைக்கு அந்தப் பொருளைக் காட்ட நாம் யாரும் இல்லையே என்று இருந்தது.

சரி, காட்டலாம் என்று இறங்கினால் மலைநாட்டு வானம் உடனே கதவைத் திறப்பதில்லை. ஆண்டில் ஒன்பது இரவுகள் குறித்தோம். நான்கில்தான் ஒழுங்காகத் தெரிந்தது. 2024 ஒக்டோபரில் உலகமெல்லாம் பேசிய ட்சுசின்ஷான்-அட்லஸ் வால்வெள்ளியை நாம் பார்க்கவே இல்லை. அந்த வாரம் முழுக்க அந்தி மழை. பிள்ளைகள் குடையோடு வந்து குடையோடு திரும்பினார்கள்.

ஜனவரியில் வானம் திறந்தது. தலவாக்கலை, நானுஓயா, நுவரெலியாப் பக்கம் பனி கொட்டித் தேயிலைக் கொழுந்து கருகும் மாதம் அது. தோட்டத்துக்குக் கெட்ட காலமான அந்த வாரங்கள்தான் வானம் பார்க்க நல்ல காலம், இரண்டுக்கும் காரணம் ஒன்றே. பகலில் மண் வாங்கிய சூட்டை இரவில் மேலே விட்டுவிடும். முகில் இருந்தால் அது கம்பளி போர்த்தியது போலச் சூட்டைப் பிடித்து வைக்கும். முகில் இல்லாவிட்டால் சூடு அப்படியே வெளியேறி நிலம் குளிர்ந்து இலையில் பனி உறையும். அதனால் காலையில் கருகிய கொழுந்தைக் கண்டால், நேற்றிரவு வெள்ளிகள் (நட்சத்திரங்கள்) நன்றாகத் தெரிந்திருக்கும் என்று அர்த்தம். மலைக்குப் போகும் அக்காமாருக்கு இது நம்மைவிட நன்றாகத் தெரியும்.

தைப்பொங்கல் முடிந்த வாரம், காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் கூடினோம். ஒரே மாலையில் நான்கு கோள்கள் வெறுங்கண்ணுக்குத் தெரிந்தன. மேற்கே வெள்ளியும் சனியும் பக்கத்தில் பக்கத்தில், உச்சிக்குக் கிட்ட வியாழன், கிழக்கே சிவந்த செவ்வாய். செவ்வாய் அந்த ஜனவரி 16ஆம் திகதி சூரியனுக்கு நேர் எதிரே வந்திருந்தது. சூரியன் மறையும்போது அது உதித்தது. கோளையும் நட்சத்திரத்தையும் எப்படிப் பிரித்துச் சொல்வது என்பதுதான் முதல் பாடம். நட்சத்திரம் மினுங்கும், கோள் அநேகமாக மினுங்காது. நட்சத்திரம் வெகு தூரத்தில் ஒரு புள்ளியாக இருப்பதால், காற்றின் அசைவு அந்தப் புள்ளியை ஆட்டிவிடும். கோள் நம் கண்ணுக்குப் புள்ளி போல் பட்டாலும் உண்மையில் ஒரு சிறு வட்டம். அவ்வளவு எளிதில் ஆடாது.

அன்று பிள்ளைகளைக் கட்டிப்போட்டது என்னவோ அவரவர் ஜாதக நட்சத்திரம்தான். நம் வீடுகளில் ஜாதகக் குறிப்பு இல்லாத பிள்ளை இல்லை. திருவாதிரை, ரோகிணி, கார்த்திகை என்று எல்லாருக்கும் தன் நட்சத்திரம் தெரியும். அது வானத்தில் எங்கே என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை. கிழக்கே எழும்பிய ஓரியன் கூட்டத்தில் சிவப்பாக நிற்பது திருவாதிரை, வியாழனுக்குப் பக்கத்தில் செம்மஞ்சளாக நின்றது ரோகிணி, அதற்கு அப்பால் சின்னக் கொத்தாக இருந்தது கார்த்திகை. தன் நட்சத்திரத்தைக் கண்ட பிள்ளை அடுத்தவனை இழுத்து வந்து காட்டியது. சித்திரை, சுவாதி, கேட்டை வீட்டுப் பிள்ளைகள் முகம் வாடிவிட்டது. அவை பின்னிரவில்தான் எழும்பும், சித்திரை மாதத்துக்குப் பிறகு முன்னிரவிலேயே வரும் என்று சமாதானம் சொன்னோம். சந்திரன் ஒரு முறை வானத்தைச் சுற்றிவர ஏறத்தாழ 27 நாள் எடுப்பதால், ஒரு நாளைக்கு ஒன்று என்று 27 நட்சத்திரங்களைக் குறித்து வைத்தார்கள் நம் முன்னோர். இதைச் சொன்னதும் தரம் 8 பிள்ளைகள் இருவர் இரண்டு வாரம் சந்திரன் நகர்வதைக் கொப்பியில் வரைந்து வந்தார்கள். அந்தக் கொப்பியை இன்று முன்மேசையில் வைத்திருக்கிறோம், பார்த்துவிட்டுப் போங்கள்.

நிறத்தைப் பற்றியும் கேட்டார்கள். திருவாதிரை ஏன் சிவப்பு? கொல்லன் பட்டறையில் இரும்பு முதலில் சிவக்கும், சூடு ஏற ஏற வெளுக்கும். நட்சத்திரமும் அப்படித்தான். சிவந்தது சூடு குறைந்தது, நீலம் கலந்து வெளுத்தது சூடு கூடியது. நம் சூரியனின் மேற்பரப்பு ஏறத்தாழ 5,500 பாகை செல்சியஸ், இடைப்பட்டது. ரோகிணியின் ஒளி நம்மிடம் வந்து சேர 65 ஆண்டுகள் அளவில் ஆகிறது. இதைக் கேட்ட அம்மாயி ஒருவர், "அப்ப அது கெளம்பினப்ப எங்கக்கா இந்தியாவுக்குப் போகல" என்றார். நம்மவர்களில் பலரை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 1964இல் கையெழுத்தாவதற்கு முன்பே புறப்பட்ட ஒளி அது. அவர் வெகு நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பெப்ரவரியில் ஒரு ஞாயிறு, வாசிகசாலை வாசலிலிருந்து ரோட்டில் ஞாயிற்றுத்தொகுதியைப் பரப்பினோம். ஆயிரம் கோடி மடங்கு சுருக்கிய அளவு. சூரியனுக்கு 14 சென்ரிமீற்றர் அகலமான ஒரு கோவா (முட்டைக்கோஸ்) வைத்தோம். அந்த அளவில் புவி ஒரு கடுகு, 15 மீற்றர் தள்ளி, அதாவது நம் வரிசை வீடான லயத்தில் ஐந்து காம்பிரா (அறை) தூரம். சந்திரன் அந்தக் கடுகிலிருந்து நாலு சென்ரிமீற்றர் கூட இல்லை. மனிதன் போய்க் கால்வைத்த தூரம் அவ்வளவுதான். வியாழன் ஒரு மாபிள், 78 மீற்றரில். சனி ஒரு கடலை, 143 மீற்றரில். யுரேனஸ் 287 மீற்றரில் ஒரு மிளகு, நெப்டியூன் 450 மீற்றரில் இன்னொரு மிளகு. நெப்டியூனைப் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளை வளைவு தாண்டிக் கண்ணிலிருந்தே மறைந்துவிட்டது. பாடநூல் படத்தில் எல்லாக் கோளும் ஒரு பக்கத்துக்குள் நெருங்கி நிற்பதைப் பார்த்தே பழகியவர்களுக்கு, நடுவில் எவ்வளவு வெறும் இடம் என்பது அன்று காலால் நடந்துதான் புரிந்தது.

ஒளியையும் நடக்கவிட்டோம். இந்த அளவில் ஒளி விநாடிக்கு 3 சென்ரிமீற்றர்தான் போகும். ஒரு சின்னப் பிள்ளை கோவாவிலிருந்து கடுகு வரை அந்த வேகத்தில் அடிமேல் அடி வைத்துப் போய்ச் சேர 8 நிமிடம் 20 விநாடி எடுத்தது. சூரிய ஒளி நிஜமாகவே 15 கோடிக் கிலோமீற்றர் கடந்து நம்மிடம் வர எடுக்கும் நேரமும் அதுதான். நெப்டியூன் வரை நடக்க நாலு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டும் என்றதும் யாரும் முன்வரவில்லை.

அப்புறம் ஒரு பிள்ளை கேட்டது: "அடுத்த கோவா எங்க அண்ணே?" சூரியனுக்கு அடுத்த நட்சத்திரம் எங்கே என்பதுதான் கேள்வி. அல்பா சென்டோரி 4.37 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது, அதாவது அங்கிருந்து ஒளி வர அத்தனை ஆண்டு ஆகும். நம் அளவில் அது 4,100 கிலோமீற்றருக்குச் சற்று மேல். வரைபடத்தில் தேடினால் இங்கிருந்து ஏறத்தாழ குவைத் வரும். அதைச் சொன்னபோது, வரிசையில் நின்ற ஒரு சிறுமி, "எங்கம்மா இருக்கிற எடம்" என்றாள். நான் அதை எதிர்பார்த்துச் சொல்லவில்லை. நம் தோட்டத்தில் எத்தனை வீடுகளில் அம்மா குவைத்தில், டுபாயில், சவூதியில் என்பது உங்களுக்குத் தெரியும். ரோட்டில் நின்ற யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

ஏப்ரல் கடைசியில், சந்திரன் இல்லாத ஓர் இரவு பத்து மணிக்கு, தெற்கு மலைக்கு மேல் தென்சிலுவை நிமிர்ந்து நின்றது. அதற்கு இடப்பக்கம் இரண்டு பிரகாசமான வெள்ளிகள். அவற்றில் சிலுவைக்குத் தள்ளி நிற்பதுதான் அல்பா சென்டோரி. வெறுங்கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும், உண்மையில் மூன்று நட்சத்திரங்கள். லண்டனில் இருப்பவர்களுக்கு அது ஒருநாளும் அடிவானத்துக்கு மேலே வராது. நிலநடுக்கோட்டுக்கு ஏழு பாகை வடக்கில் இருக்கும் நமக்கு பெரட்டுக்களத்தில் நின்றே தெரியும். அந்தச் சிறுமி தன் அம்மாயியோடு வந்திருந்தாள். அவள் அம்மா போனதும் நாலு வருடத்துக்கு முன்பு, அந்த ஒளி கிளம்பியதும் நாலு வருடத்துக்கு முன்பு. மறுநாள் போனில் அம்மாவிடம் இதைத்தான் முதலில் சொன்னாளாம்.

இதற்கு எதிர்ப்பக்கம், துருவ நட்சத்திரத்தைக் காட்டச் சொல்லிப் பலர் கேட்கிறார்கள். அது நமக்கு ஏழு பாகை உயரத்தில்தான் நிற்கும், வடக்கு மலை மறைத்துவிடும். இங்கிருந்து பார்க்க முடியாது.

ஏப்ரல் 7ஆம் திகதி, மதியம் 12.10 அளவில், சூரியன் நம் தலைக்கு நேரே வந்தது. நூலில் கல் கட்டித் தூக்குப் பார்த்து நேராக நட்ட கம்பியின் நிழல் முழுவதும் கம்பியின் காலடிக்குள் போய்விட்டது. ஆண்டுக்கு இரண்டு முறைதான் இது நடக்கும். மற்றது செப்டெம்பர் தொடக்கத்தில். அடுத்த முறை பெரியவர்களும் வாருங்கள், ஐந்து நிமிட வேலை.

தொலைகாட்டி விடயத்தை மறைக்காமல் சொல்கிறேன். 500 மடங்கு பெரிதாக்கும் என்று பெட்டியில் அச்சடித்த ஒன்றை ஒரு கடையில் நன்கொடைப் பணத்தில் வாங்கினோம். 50 மில்லிமீற்றர் வில்லை. அந்த அளவு வில்லையில் 100 மடங்குக்கு மேல் போனால் மங்கல்தான் பெருகும். மூன்றுகால் தாங்கியும் ஆடியது. பணம் திரும்பவில்லை. அதைவிட ஆசிரியர் ஒருவர் தந்த பைனாகுலரைச் சுவரில் அழுத்திப் பிடித்துப் பார்த்தபோது வியாழனின் நான்கு நிலவுகளும் தெரிந்தன, 1610 ஜனவரியில் கலிலியோ கண்ட அதே நான்கு. இனி வாங்குவதானால் பெட்டியில் போட்ட மடங்கைப் பார்க்காமல் வில்லையின் அகலத்தைக் கேட்டு வாங்கவேண்டும்.

ஓகஸ்ட் 12 விடியற்காலை வெள்ளியும் வியாழனும் ஒரு பாகைக்குள் ஒட்டி நின்றன. சங்கத்தில் யாரும் ஏற்பாடு செய்யவில்லை. நாலு மணிக்கு அடுப்பு மூட்ட எழும்பித் தண்ணீர் பிடிக்கப் பீலிக்குப் போன தாய்மார்தான் கண்டு வந்து, "விடிவெள்ளி ரெட்டையாயிருச்சே, என்னா தம்பி அது?" என்று கேட்டார்கள். இந்தத் தோட்டத்தில் வானத்தை அதிகம் பார்ப்பவர்கள் அவர்கள்தான். அடுத்த ஆண்டுக் குழுவில் இரண்டு தாய்மாரையாவது சேர்க்கவேண்டும் என்பது என் கோரிக்கை.

செப்டெம்பர் 7, போயா (பௌர்ணமி) தினம், முழுச் சந்திர கிரகணம். இரவு 9.57க்குப் புவியின் நிழல் பிடிக்கத் தொடங்கி, 11 மணியிலிருந்து 82 நிமிடம் முழுதாக மூடியிருந்தது. நமக்கு 11.30 வரை முகில். பிறகு இருபது நிமிடம் விலகியது. செம்பு நிறத்தில் சந்திரன். புவியின் காற்று மண்டலம் சூரிய ஒளியை வளைத்து நிழலுக்குள் அனுப்புகிறது. அதில் சிவப்பு மட்டும் மிஞ்சுகிறது. அந்த நேரம் உலகத்தைச் சுற்றி நடக்கும் எல்லா விடியல், அந்திகளின் நிறமும் சந்திரனில் விழுந்தது. கர்ப்பிணிகள் சிலர் வெளியே வரவில்லை, நாமும் வற்புறுத்தவில்லை. ஆனால் சந்திர கிரகணத்தைப் பார்ப்பதால் கண்ணுக்கோ உடம்புக்கோ ஒரு கெடுதியும் இல்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். வெறுங்கண்ணால் பார்க்கக் கூடாதது சூரிய கிரகணம்.

ஒவ்வொரு போயாவுக்கும் ஏன் கிரகணம் வருவதில்லை என்று கேட்டவர்களுக்குக் கோயில் நவக்கிரகமே விடை சொன்னது. சந்திரனின் பாதை ஐந்து பாகை சாய்ந்திருக்கிறது. அது சூரியனின் பாதையை வெட்டும் இரு இடங்களையே ராகு, கேது என்றார்கள். அந்த இடத்துக்குக் கிட்ட வந்தால்தான் கிரகணம். கோயிலில் ஒன்பது, பாடநூலில் எட்டு ஏன் என்ற சண்டையும் அதோடு தீர்ந்தது. கோயில் கணக்கில் சூரியன், சந்திரன், ராகு, கேது உண்டு, புவி இல்லை. 2006இல் குறுங்கோளாக மாற்றப்பட்ட புளூட்டோ இரண்டிலும் இல்லை.

பாதுகாப்பு பற்றி ஒரு வார்த்தை. சிறுத்தை நடமாட்டம் இருப்பதால் மேல்மலைக்குப் போகும் யோசனையைக் கைவிட்டோம். இனியும் பெரட்டுக்களம்தான், பெரியவர்கள் துணையோடுதான். கேட்ட நாட்களில் ஸ்டோர் முன்விளக்கை ஒரு மணி நேரம் அணைத்துத் தந்தவர்களுக்கு நன்றி.

வரும் ஆண்டுக்கு இரண்டு திகதிகள் குறித்திருக்கிறோம். டிசம்பர் 13, 14 இரவுகளில் ஜெமினிட் எரிவெள்ளிகள், நடுநிசிக்குப் பிறகு நன்றாக விழும், தேய்பிறைச் சந்திரன் பெரிதாகத் தொல்லை தராது. 2026 மார்ச் 3 மாலை சந்திரன் கிரகணத்தோடேயே உதிக்கும், 6.47க்கு விட்டுவிடும். பெரட்டுக்களத்தில் கிழக்கு மலை மறைப்பதால் அதற்குள் சந்திரன் மேலே வராது. கிழக்கு அடிவானம் தாழ்வாகத் தெரியும் இடம் யாருடைய லயத்துக்குப் பின்னால் இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். பெப்ரவரிக் கூட்டத்துக்கு முன் போய்ப் பார்க்கவேண்டும்.

செயலாளர்