கடைசி மணி நேரங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பன்றி இறைச்சியின் தரம் என்றால் தீவனத்தையும் இனத்தையும்தான் எல்லோரும் சொல்கிறார்கள். வெட்டுவதற்கு முந்தைய சில மணி நேரம் யார் கண்ணிலும் படுவதில்லை. அடித்தும், மின் அதிர்ச்சி தரும் மின்கோலால் சீண்டியும் விரட்டப்பட்ட பன்றியின் தசையில் லாக்டிக் அமிலம் மளமளவென்று பெருகுகிறது. வெட்டியபின் உடல் சூடு ஆறுமுன்பே பி.எச். அளவு (குறையக் குறைய அமிலத்தன்மை கூடுதல்) 6-க்குக் கீழே இறங்கிவிட, இறைச்சி வெளிறி, தொளதொளத்து, நீர் கசிகிறது. நெடும்பயணத்தில் களைத்த பன்றிக்கோ அந்த அமிலம் உருவாகத் தேவையான கிளைகோஜனே, அதாவது தசையில் சேமித்த மாவுச்சத்தே, மிஞ்சுவதில்லை. இறைச்சி கருத்து இறுகி, விரைவில் கெடுகிறது. வியர்த்துத் தணியும் உடல்வாகும் பன்றிக்கு இல்லை.

வண்டியிலிருந்து இறக்கியபின் இரண்டு, மூன்று மணி நேர ஓய்வு, குடிநீர், வெயிலில் தண்ணீர்த் தெளிப்பு. இவற்றைக்கூடச் செய்யாதது கொடுமை. இறைச்சி கெடாவிட்டாலும் அந்த உயிருக்கு அத்தனை அச்சம் வேண்டாம். மின்கோலை இறைச்சிக்கூடங்களிலிருந்து அறவே அகற்ற வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்