மலைக்கு மேலே வாழும் வாரிசுக்கு அப்பாவின் துப்பாக்கி: ஒன்றிய உள்துறை அமைச்சகத்துக்கும் இரு மாநில அரசுகளுக்கும் ஒரு திறந்த மடல்

பெறுநர்:
ஒன்றிய உள்துறை அமைச்சகம், புது தில்லி
உள்துறைச் செயலாளர்கள், தமிழ்நாடு மற்றும் கேரளம்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். உரிமம் பெற்றுத் துப்பாக்கி வைத்திருந்த ஒருவர் இறந்த பிறகு, அவருடைய வாரிசு வேறொரு மாநிலத்தில் குடியிருப்பவராக இருந்தால், அந்தத் துப்பாக்கி சட்டப்படி அவரிடம் போய்ச் சேர்வது இன்று மிகக் கடினமாக இருக்கிறது. வாரிசுக்கு உள்ள உரிமையைச் சட்டம் மறுக்கவில்லை. ஆனால் இரண்டு மாநில அலுவலகங்களும் சேர்ந்து முடிக்க வேண்டிய வேலையை எந்த அலுவலகம் முதலில் தொடங்குவது என்பது தெளிவாக இல்லாததால், அந்த உரிமை தாளோடு நின்றுபோகிறது. இதைச் சரிசெய்யும் அதிகாரம் உங்கள் மூவரிடமும் இருப்பதால் இந்த மடலை உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் போடிநாயக்கனூரைச் சேர்ந்தவன். எங்கள் பகுதிக் குடும்பங்களில் பலவற்றுக்கு வீடு தேனி மாவட்டத்திலும் ஏலக்காய்த் தோட்டம் இடுக்கி மாவட்டத்திலும் இருக்கின்றன. முந்தலில் மலையேறி போடிமெட்டைக் கடந்தால் பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை என்று தோட்டங்கள் விரிகின்றன. 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் மொழிவழி பிரிக்கப்பட்டபோது எல்லைக்கோடு அந்த மலையின் மேல் அமைந்தது. அண்ணன் கீழேயும் தம்பி மேலேயும் வாழ்வது எங்கள் ஊரில் வெகு சாதாரணம். நிலத்தைப் பாகம் பிரிப்பதும், வங்கிக் கணக்கை மாற்றுவதும், வண்டியின் பதிவை மாற்றுவதும் அலைச்சல் என்றாலும் எப்படியோ நடந்துவிடுகின்றன. துப்பாக்கி ஒன்றுதான் நின்றுவிடுகிறது.

எங்கள் தந்தை வைத்திருந்தது 12 போர் (குழலின் அளவைக் குறிக்கும் எண்) இரட்டைக்குழல் துப்பாக்கி. தேனி மாவட்டத்தில் உரிமம் பெற்று, காலம் தவறாமல் புதுப்பித்து, தேர்தல் அறிவிக்கப்பட்ட போதெல்லாம் காவல் நிலையத்தில் ஒப்படைத்துத் திரும்பப் பெற்று வந்தார். அவர் காலமான பின் அதை முறைப்படி ஒப்படைத்தோம். தோட்டத்தில் குடியிருக்கும் என் தம்பிக்கு அது போகட்டும் என்று நாங்கள் எல்லோரும் எழுதிக் கொடுத்தோம்; வட்டாட்சியரின் வாரிசுச் சான்றும் கிடைத்தது. குடும்பத்துக்குள் சிறு மனத்தாங்கலும் இல்லை. சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

கீழே உள்ள அலுவலகத்தில், வாரிசு தன் பெயரில் உரிமம் பெற்று வந்தால்தான் துப்பாக்கியை விடுவிக்க முடியும் என்றார்கள். மேலே உள்ள அலுவலகத்தில், துப்பாக்கி இருக்கும் மாவட்டம் தடையின்மைச் சான்று கொடுத்தால்தான் உரிம விண்ணப்பத்தையே எடுத்துக்கொள்வோம் என்றார்கள். தங்கள் பொறுப்பில் தவறு நேர்ந்துவிடக் கூடாது என்ற கவலையில் இரு தரப்பும் பேசினார்கள். அந்தக் கவலை நியாயமானது என்பதால் எந்த அதிகாரியையும் நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் இருவரும் ஒரே சட்டத்தின் கீழ் பணியாற்றுபவர்கள். அரசமைப்புச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில், காவல்துறையும் பொது ஒழுங்கும் மாநிலப் பட்டியலில் இருந்தாலும், ஆயுதங்களும் வெடிபொருள்களும் ஒன்றியப் பட்டியலின் 5ஆவது பதிவாக இருக்கின்றன. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளும் போடிக்கும் பூப்பாறைக்கும் ஒன்றுதான். சட்டம் ஒன்றாக இருக்கும்போது நடைமுறை மட்டும் மாநில எல்லையில் அறுந்துபோவதை மக்கள் எப்படிப் புரிந்துகொள்வது?

வாரிசைப் பற்றிச் சட்டம் சொல்வதை இங்கே எடுத்துக் காட்ட வேண்டியிருக்கிறது. ஏனெனில் இதைக் கேட்கப்போகும் குடும்பங்களில் பெரும்பாலானவர்களுக்கு அது தெரியாது. உரிமம் பெற்றவர் இறந்தால், அவர் வைத்திருந்த ஆயுதத்தைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத விற்பனையாளரிடமோ ஒப்படைக்க வேண்டும் என்கிறது 21ஆவது பிரிவு. சட்டப்படியான வாரிசு, அதை வைத்துக்கொள்ளும் தகுதியைப் பெற்றதும் திரும்பப் பெறலாம். அல்லது தகுதியுள்ள வேறொருவருக்கு விற்று அந்தப் பணத்தைப் பெற்றுக்கொள்ளலாம். விதிகள் குறிக்கும் காலத்துக்குள் இவற்றில் எதுவும் நடக்காவிட்டால், காரணம் கேட்டு 30 நாள் அறிவிப்பு கொடுத்த பிறகு, மாவட்ட ஆட்சியரின் ஆணைப்படி ஆயுதம் அரசுடைமையாகும். 2016 விதிகளில் 25ஆவது விதி வாரிசுக்கு உரிமம் வழங்குவதற்கென்றே எழுதப்பட்டிருக்கிறது. இவற்றில் எங்கும், வாரிசு அதே மாநிலத்தில்தான் குடியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை.

என் மனத்தை மிகவும் வருத்துவது அந்தக் கால வரம்புதான். கீழே உள்ளவர்கள் மேலே உள்ளவர்களின் கடிதத்துக்கும், மேலே உள்ளவர்கள் கீழே உள்ளவர்களின் கடிதத்துக்கும் காத்திருக்கும் வேளையிலும் நாள்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. தாமதம் அலுவலகங்களுடையது, இழப்போ குடும்பத்துடையது. வாரிசு உரிமத்துக்கு விண்ணப்பித்து, அது நிலுவையில் இருப்பதற்கான ஒப்புகைச் சீட்டைக் காட்டினால், அந்த விண்ணப்பத்தின் மீது இறுதி முடிவு வரும்வரை அரசுடைமையாக்கும் நடவடிக்கை நிறுத்தி வைக்கப்படும் என்று ஒரு சுற்றறிக்கையாவது வர வேண்டும். சட்டத்தைத் திருத்தாமலே இதைச் செய்யலாம் என்று நம்புகிறேன்.

இதைவிடவும் நுணுக்கமான இடம் துப்பாக்கியின் பயணம். தம்பிக்கு மேலே உரிமம் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அந்த உரிமம் கேரளத்துக்குள் மட்டும் செல்லும் என்று எழுதப்பட்டிருந்தால், அதைக் கையில் வைத்துக்கொண்டு தேனி மாவட்டத்தில் இருக்கும் துப்பாக்கியை அவர் எப்படி எடுத்து வருவார்? மலையடிவாரத்திலிருந்து போடிமெட்டு வரையிலான சாலையில் அவர் வைத்திருப்பது உரிமம் இல்லாத ஆயுதமாகக் கருதப்படலாம். ஆயுதச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பதற்குக் குறைந்தது 2 ஆண்டும் அதிக அளவு 5 ஆண்டும் சிறைத்தண்டனை உண்டு. சோதனைச் சாவடியில் நிற்கும் காவலருக்கு அவர் வாரிசு என்பது முகத்தைப் பார்த்தால் தெரியாது. அவர் நிறுத்துவதும் சரியே. ஆகவே உரிமம் வழங்கும்போதே, குறிப்பிட்ட எண்ணுள்ள இந்தத் துப்பாக்கியை, இந்த நாளிலிருந்து இந்த நாளுக்குள், இந்த வழியாக, தோட்டா இல்லாமல் உறையிலிட்டுக் கொண்டுவரலாம் என்று இரு மாநிலங்களுக்கும் செல்லும் ஒரு குறிப்பையும் சேர்த்து எழுதித் தர வேண்டும். அப்படித் தனியாளிடம் கொடுப்பதில் தயக்கம் இருந்தால், தேனி மாவட்டத்தில் உள்ள உரிமம் பெற்ற விற்பனையாளர் இடுக்கியில் உள்ள விற்பனையாளருக்கு அனுப்பி, அங்கே வாரிசு பெற்றுக்கொள்ளும் ஏற்பாட்டைச் செய்யுங்கள். செலவை நாங்கள் ஏற்கத் தயார். எதுவானாலும் எழுத்தில் இருக்க வேண்டும். வாய்ச்சொல்லை நம்பி யாரும் துப்பாக்கியோடு மலையேற முடியாது.

அலுவலகங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள வழி ஏற்கெனவே இருக்கிறது என்பதையும் நினைவூட்ட விரும்புகிறேன். உரிமம் பெற்றவர்கள் அனைவரும் தேசிய ஆயுத உரிமத் தரவுத்தளத்தில் பதிந்து தனித்த அடையாள எண் பெற வேண்டும் என்று அமைச்சகம்தான் ஆணையிட்டது; பலமுறை காலக்கெடு நீட்டித்து அந்த வேலையைச் செய்து முடித்ததும் அமைச்சகம்தான். எங்கள் தந்தையின் உரிமமும் துப்பாக்கியின் எண்ணும் அதில் இருக்கின்றன. அப்படியிருக்க, கீழே உள்ள அலுவலகம் கையெழுத்திட்ட தாளை வாரிசு மேலே சுமந்து செல்லவும், மேலே உள்ளவர்கள் அதன் உண்மையைச் சரிபார்க்கக் கடிதம் எழுதவும் என்ன தேவை? ஒரு மாவட்டம் அந்தத் தரவுத்தளத்தின் வழியே கேட்க, மற்ற மாவட்டம் அதன் வழியே பதில் சொல்லட்டும். காவல்துறை அறிக்கை குறித்த காலத்தில் வராவிட்டால் அதற்காக மேலும் காத்திராமல் உரிமம் வழங்கும் அதிகாரி முடிவெடுக்கலாம் என்று 13ஆவது பிரிவே இடம் தருகிறது. பிற மாநிலத்தின் பதிலுக்கும் அதுபோல் ஒரு நாள் வரம்பு வைப்பதில் தவறில்லை.

காட்டை ஒட்டி வாழ்பவர்களுக்கு தாண்ட வேண்டிய இன்னொரு கதவும் உண்டு. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் புதிய ஆயுத உரிமம் வழங்கத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் முன் இசைவு வேண்டும் என்கிறது. தேசியப் பூங்காக்களுக்கும் அது பொருந்தும். மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா எங்கள் தோட்டங்களுக்கு அருகிலேயே இருக்கிறது. இந்த இசைவு தேவைதான். வேட்டைக்கு இடம் கொடுக்கக் கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் இந்த இசைவும் வேண்டும் என்பதை விண்ணப்பம் கொடுக்கும் நாளிலேயே சொல்லிவிட்டால், எல்லாம் முடிந்தது என்று எண்ணியிருக்கும் வேளையில் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க நேராது.

தோட்டத்தில் துப்பாக்கி எதற்கு என்று கேட்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். காட்டுப்பன்றிகள் பயிர்களுக்குச் செய்யும் அழிவு இரு மாநிலங்களும் அறிந்தது. கேரள அரசு 2022ஆம் ஆண்டில், பயிரை அழிக்கும் காட்டுப்பன்றிகளைச் சுட ஆணையிடும் அதிகாரத்தை உள்ளாட்சி மன்றத் தலைவர்களிடம் அளித்தது. அந்த ஆணையை நிறைவேற்றுபவர்கள் உரிமம் பெற்ற துப்பாக்கி வைத்திருப்பவர்கள். தமிழ்நாடு அரசோ 2025 ஜனவரியில் அறிவித்த ஏற்பாட்டில், காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளைச் சுடும் பொறுப்பை வனத்துறையினரிடமே வைத்துக்கொண்டது. எது சரி என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. மலைக்குக் கீழே பயன்பாடு குறைந்துவிட்ட ஒரு துப்பாக்கிக்கு மலைக்கு மேலே சட்டப்படியான பயன்பாடு இருக்கிறது என்பதே நான் சொல்ல வருவது.

இந்தச் சிக்கலின் பெரும்பகுதியைத் தந்தையர் உயிரோடு இருக்கும்போதே தவிர்த்துவிடலாம். உரிமம் பெற்றவர் 70 வயதை எட்டினாலோ, துப்பாக்கியை 25 ஆண்டுகள் வைத்திருந்தாலோ, இவற்றில் எது முன்னதோ அப்போது, தாம் குறிப்பிடும் வாரிசுக்கு உரிமம் வழங்கக் கோரலாம் என்று அதே 25ஆவது விதி சொல்கிறது. எங்கள் தந்தை இரண்டு தகுதிகளையும் எப்போதோ கடந்துவிட்டவர். உரிமத்தைப் புதுப்பிக்க அவர் போன எந்த முறையும் இதை யாரும் அவரிடம் சொல்லவில்லை; எங்களுக்கும் தெரியவில்லை. உயிரோடு இருப்பவர் தாமே வந்து கையெழுத்திட்டு, துப்பாக்கியைத் தாமே காட்டி, தம் மகனையோ மகளையோ அதிகாரிமுன் நிறுத்திச் செய்யும் மாற்றத்தில் ஐயத்துக்கு இடம் மிகக் குறைவு. புதுப்பிக்க வரும் ஒவ்வொரு முதியவருக்கும் இந்த விதியைத் தமிழிலும் மலையாளத்திலும் அச்சிட்ட ஒரு தாளைக் கொடுக்க இரு மாநில அரசுகளும் ஆணையிட வேண்டும். வாரிசு வேறு மாநிலத்தில் இருந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதும் அதே தாளில் இருக்கட்டும்.

நான் தளர்வு கேட்கவில்லை என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஒருவர் 2 துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்றும், பரம்பரையாக வருவதும் அந்தக் கணக்கில் சேரும் என்றும் 2019 திருத்தம் சொல்வதை ஏற்கிறேன். பயிற்சிச் சான்றும் மருத்துவச் சான்றும் காவல்துறை விசாரணையும் என் தம்பிக்கும் பொருந்த வேண்டும். அவர் தகுதியற்றவர் என்று கண்டால் காரணத்தை எழுத்தில் சொல்லி மறுத்துவிடுங்கள், மேல்முறையீட்டுக்கு ஆயுதச் சட்டத்தின் 18ஆவது பிரிவு இருக்கிறது. முடிவு எதுவானாலும் ஏற்போம். முடிவே வராமல் இரண்டு மாவட்டங்களுக்கு நடுவே கிடப்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

ஏனென்றால் இந்த அலைச்சலைப் பார்த்துக்கொண்டிருக்கும் மற்றக் குடும்பங்கள் என்ன முடிவுக்கு வருகின்றன என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஒப்படைத்தால் திரும்பி வராது என்று அஞ்சுபவர்கள், பெரியவர் இறந்ததைச் சொல்லாமலே துப்பாக்கியைப் பரணில் போட்டு வைக்க நினைப்பார்கள். அந்த எண்ணம் தவறு, குற்றமும்கூட. அப்படிக் கிடக்கும் ஆயுதம் விவரம் அறியாத பிள்ளைகளின் கைக்கோ திருடர் கைக்கோ போனால், அதைத் தேடிப் பிடிக்கப்போவது உங்கள் காவல்துறைதான். நேர்மையாக வந்து ஒப்படைப்பவருக்கு வழி நேராக இருந்தால்தான் மற்றவர்களும் வருவார்கள்.

எனவே, வாரிசு எந்த மாநிலத்தில் குடியிருக்கிறாரோ அந்த மாவட்டத்து அதிகாரியே விண்ணப்பத்தை முதலில் ஏற்று, தடையின்மைச் சான்றைத் தாமே தரவுத்தளத்தின் வழியே கேட்டுப் பெற வேண்டும் என்று உள்துறை அமைச்சகம் எல்லா மாநிலங்களுக்கும் எழுத்து வடிவில் அறிவுறுத்த வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். அது வரும்வரை, தேனி, இடுக்கி மாவட்ட ஆட்சியர்கள் இருவரும் தங்கள் எல்லைக்குள் நிலுவையில் உள்ள இத்தகைய விண்ணப்பங்களை ஒரே நாளில் சேர்ந்து அமர்ந்து பார்க்க இரு மாநில உள்துறைச் செயலாளர்களும் ஏற்பாடு செய்ய வேண்டும். எங்கள் விண்ணப்பத்தின் ஆவணங்கள் அனைத்தும் இரு அலுவலகங்களிலும் இருக்கின்றன; அழைத்தால் நானும் என் தம்பியும் மூலச் சான்றுகளோடு நேரில் வருகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
போடிநாயக்கனூர்வாசி ஒருவன்