பாலத்தடிக் கடை

அன்புள்ள செல்வம்,

கடிதம் கிடைத்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் நேரம் தவறாமல் விட்டுக்கொள்.

பழைய ஹோட்டல்கள் வெறும் பெயரில்தான் ஓடுகின்றன என்று எழுதியிருந்தாய். எனக்கு அதில் உடன்பாடில்லை. மாப்பிள்ளை என்னை நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் பீட்டர் லூகர் ஸ்டேக் ஹவுஸுக்கு, அதாவது மாட்டிறைச்சித் துண்டுகளை வாட்டித் தரும் ஹோட்டலுக்கு, அழைத்துப்போனார். வில்லியம்ஸ்பர்க் பாலத்துக்குப் பக்கத்தில், 1887இல் தொடங்கிய கடை. துணி விரிக்காத மர மேஜைகள், வயதான சர்வர்கள். கிரெடிட் கார்டு வாங்குவதில்லை.

பெயர் சோறு போடாது என்பதற்கு அந்தக் கடையே சாட்சி. லூகர் 1941இல் இறந்தபின் மகன் காலத்தில் நொடித்துப்போய், 1950இல் ஏலத்துக்கு வந்துவிட்டது. எதிர்ப்புறம் தொழிற்சாலை வைத்திருந்த சால் ஃபோர்மன், அங்கேயே தினமும் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், ஏலத்தில் எடுத்தார். அவர் மனைவி மார்ஷா மாட்டிறைச்சித் தரம் பார்ப்பதில் அனுபவமுள்ள ஒருவரை வைத்துத் தொழில் கற்றுக்கொண்டு, தானே மொத்த மார்க்கெட்டுக்குப் போய் இறைச்சியைத் தேர்ந்தெடுத்தார். நிறம் என்ன, சதைக்குள் கொழுப்பு எப்படி ஓடியிருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பாராம். அரசாங்கத் தர முத்திரை இருந்தாலும் மனதுக்குப் பிடிக்காததைத் தள்ளிவிடுவார். பிறகு மகள்களும் பேத்தியும் அதே வேலையைச் செய்தார்கள். கடையை நிறுத்தியது அந்தப் பெண்களின் கண்தான் என்பேன்.

வாங்கிய இறைச்சியைக் குளிர்அறையில் வாரக்கணக்கில் காற்றாடப் பழுக்கவிடுகிறார்கள். ஈரம் வற்றி ருசி இறுகுகிறது, சதையும் இளகுகிறது. போர்ட்டர்ஹவுஸ் என்ற துண்டில் எலும்புக்கு ஒரு பக்கம் பஞ்சுபோன்ற சதை, மறுபக்கம் கொஞ்சம் மெல்ல வேண்டிய, ருசி கூடின சதை. எனக்கு இரண்டாவதுதான் பிடித்தது. வெட்டியே கொண்டுவருகிறார்கள். கொதிக்கும் தட்டின் ஒரு முனைக்கு அடியில் சின்னத் தட்டைக் கவிழ்த்து வைப்பதால், வெண்ணெயும் சாறும் மறுமுனையில் சேரும். சர்வர் அதைக் கரண்டியால் அள்ளித் துண்டுகள்மேல் ஊற்றுகிறார். உருளைக்கிழங்கு வறுவலுக்கும் அந்தச் சாறே போதும்.

2019இல் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை தன் ஹோட்டல் விமர்சனத்தில் இந்தக் கடைக்கு ஒரு நட்சத்திரம்கூடத் தராமல் விளாசியது. ஆனாலும் நான் போன அன்று உட்கார இடமில்லை. விலை அதிகம்தான், அதை மறுக்கமாட்டேன்.

கண் ஆறியதும் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துவிடு. நீ வந்தால் மதியத்தில் போவோம், அங்கே பர்கர் மதியம் மட்டும்தான். தங்கச்சிக்கு என் விசாரிப்பைச் சொல்.

அன்புடன்,
ராஜு